ரிப்பன் நெய்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம். ரோஷ், நோவார்ட்டிஸ் என்ற இரண்டு பெரிய மருந்து நிறுவனங்களுக்கும் தலைமையகம் ஒரே ஊரில்தான் இருக்கிறது: சுவிட்சர்லாந்தின் பாசல். ஏன் அங்கே என்று தேடிப்போனால், கடைசியில் பட்டு ரிப்பனில் போய் நிற்போம்.

பாசல் ரைன் ஆற்றங்கரை ஊர். 1356 நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி எழுந்து, 1501-இல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில், மதத்தின் பெயரால் துரத்தப்பட்ட புராட்டஸ்டண்டு மக்கள் பலர் பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கையில் காசு இருந்ததோ இல்லையோ, பட்டுத் தொழில் தெரிந்திருந்தது. அடுத்த நூற்றாண்டில், ஒரே சமயத்தில் பல ரிப்பன்களை நெய்யும் தறியும் வந்தது. முதலாளிகள் நகரத்தில் இருந்தார்கள். தறி ஓடியதெல்லாம் சுற்றுவட்டார கிராமத்து வீடுகளில்.

அந்தக் கிராமங்களுக்கு நகரசபையில் சரியான பங்கு கிடைக்கவில்லை. சண்டை முற்றி, 1833-இல் பாசல் இரண்டு மாநிலங்களாகவே பிரிந்தது. பாகப்பிரிவினையில் பேராலயத்துப் பொக்கிஷத்தையும் விட்டுவைக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு நாட்டுப்புறத்துக்குப் போனது. அவர்கள் அதை ஏலம் விட்டார்கள். ஹென்றி பேரரசர் காலத்துப் பொன் பலிபீடத் தகடு இன்று பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலான கதைதான்.

சரி, ரிப்பனுக்கு வருவோம். ரிப்பன் என்றால் நிறம் வேண்டும். 1850-களின் கடைசியில் ஃபுக்சின் என்ற பளீர்ச் சிவப்புச் செயற்கைச் சாயம் பிரான்சில் வந்தது. அங்கே அதற்குக் காப்புரிமை இருந்தது; சுவிட்சர்லாந்தில் அப்படி ஒரு சட்டமே அப்போது இல்லை. பாசலில் பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த அலெக்சாண்டர் கிளாவெல் 1859-இல் அதைத் தாமே தயாரிக்கத் தொடங்கினார். இன்றைய பேச்சில் சொன்னால், காப்பியடித்தார்! பிற்பாடு சீபா என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் வேர் அதுதான்.

அந்தச் சாயம் காய்ச்ச ஆர்செனிக் தேவைப்பட்டது. 1860-களிலேயே ஒரு சாயத் தொழிற்சாலைக் கழிவு பக்கத்துக் கிணறுகளில் இறங்கி, தண்ணீர் குடித்தவர்கள் நோயில் விழுந்தார்கள். உரிமையாளர் தண்டிக்கப்பட்டார். அதற்குப் பிறகு ஆலைகள் கண்டுபிடித்த வழி, கழிவை நேராக ரைனில் விடுவது.

சாயம் செய்யத் தெரிந்த வேதியியலாளர்கள் அதே அறிவைக் கொண்டு மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் போனார்கள். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் கண்டறிந்த பால் முல்லர், பாசலின் கெய்கி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதற்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

1986 நவம்பர் 1, நள்ளிரவு கழிந்த நேரம். பாசலை ஒட்டிய ஷ்வைட்ஸர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. விடியுமுன் சங்கு ஊதி ஜனங்களை எழுப்பினார்கள். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் பூச்சிமருந்தையும் அடித்துக்கொண்டு ஆற்றில் இறங்க, விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. ரைன் சிவப்பாக ஓடியது. காரணம், கிடங்கில் இருந்த ஒரு சாயம்.

அந்தக் கோபத்தில்தான் ரைன் கரை நாடுகள் 1987-இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்துக்கு ஒன்றுகூடின. அப்புறம் 1996-இல் சாண்டோஸும் சீபா-கெய்கியும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. இப்போது கோடை மாலைகளில் பாசல்காரர்கள் துணிமணியைத் தண்ணீர் புகாத மீன் வடிவப் பையில் சுருட்டிக்கொண்டு, அதே ஆற்றில் குதித்து மிதந்து போகிறார்கள். நன்றி, வணக்கம்.