குடிக்காதவருக்கு ஈரலில் கட்டியா?

நேயர்களுக்கு வணக்கம்.

"எங்க அப்பா சாராயத்தைத் தொட்டதே கிடையாது டாக்டர். அவருக்கு எப்படி ஈரல்ல கட்டி?" மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி முதலில் கேட்பது இதைத்தான்.

இன்று நான் பேசுவது நுரையீரலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோயைப் பற்றி. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கட்டி பிறந்தது நுரையீரலில். அங்கிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தோடு போய்க் கல்லீரலில் தங்கிவிட்டன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் ரத்தம் பாயும் உறுப்பு அது. ஈரலில் வளர்ந்தாலும் இது நுரையீரல் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான். மேலூர்க்காரர் துபாய்க்குப் போனாலும் மேலூர்க்காரர்தானே?

இது நான்காம் நிலை, அதாவது பிறந்த இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் பரவிய நிலை. பெரும்பாலும் முழுக்கக் குணமாகாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். அதற்கு முதலில் சதைப் பரிசோதனை வேண்டும். "ஊசி குத்தினால் பரவிடுமாமே" என்று பயந்து பலர் நழுவிவிடுகிறார்கள். பரவிய பிறகுதானே வந்திருக்கிறார்கள்! ஈரல் கட்டியிலிருந்தே, அல்ட்ராசவுண்ட் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துவிடலாம். அந்தத் துணுக்கில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்களையும் தேடச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பக்கமே போகாதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், ஈஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் தென்படுகிறது. அது இருந்தால் ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் உண்டு. சிலர் வருடக்கணக்கில் வீட்டிலிருந்தே சாப்பிட்டு வருகிறார்கள். இப்படி மாற்றம் எதுவும் இல்லையென்றால் கீமோதெரபி, நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று வேறு வழிகள்.

இன்னொன்று. ஓயாத இருமல், உடம்பு மெலிவு என்றால் நம் ஊரில் உடனே டி.பி., மதுரைப் பக்கம் தோப்பூரில் இருக்கும் டி.பி. ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பு ஓடும். தப்பில்லை, சளியைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயில் டி.பி.யும் நுரையீரல் புற்றுநோயும் ஒன்றுபோலத் தெரியலாம். சளியில் கிருமி இல்லை, டி.பி. மாத்திரைக்கும் இருமல் அடங்கவில்லை என்றால் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைக்கிறோம், சரி. கட்டியால் வந்த காமாலையை அது கரைக்காது. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்; புற்றுநோய் மருந்துகளில் பலவற்றை உடைப்பதே ஈரல்தான்.

அப்புறம், வலி. விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கம் பிடித்து இழுக்கும். அதற்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. "போதைக்கு அடிமையாகிவிடுவார்" என்று பிள்ளைகளே தடுத்துவிடுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வணக்கம்.