அமெரிக்க நகரங்களில் கிடைப்பது உண்மையான சீன உணவா?

நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் உணவகங்களில் பரிமாறப்படுவது சீனர்கள் தங்கள் நாட்டில் உண்ணும் உணவுதானா, அல்லது வெளிநாட்டவருக்காக மாற்றப்பட்டதா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே கிடைக்கின்றன. எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது, அந்தச் சமையற்காரர் எந்த ஊரிலிருந்து வந்தார், யாருக்காகச் சமைக்கிறார் என்பவற்றைப் பொறுத்தது.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற சீனர்களில் பெரும்பாலோர் தெற்கே குவாங்டாங் மாகாணத்தின் தைஷான் பகுதியையும் அதன் அண்டை வட்டாரங்களையும் சேர்ந்தவர்கள். 1882-இல் வந்த விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுத்தது. அது 1943 வரை நீடித்தது. ஏற்கெனவே அங்கு இருந்தவர்களில் பலர் உணவகம் நடத்திப் பிழைத்தார்கள். உண்ண வந்த வெள்ளையர்களின் நாக்குக்கு ஏற்பச் சமைத்தார்கள். இறைச்சியையும் காய்கறிகளையும் சேர்த்து வதக்கிக் கெட்டிக் குழம்போடு தரும் சாப் சூயி அப்படித்தான் அங்கே பரவியது. ஆகவே, சீன உணவு என்று அமெரிக்கர்கள் நெடுங்காலம் அறிந்திருந்தது, ஒரே மாகாணத்தின் ஒரு மூலைச் சமையல், அதுவும் மாற்றப்பட்ட வடிவில்.

1980-களுக்குப் பிறகு ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூஜோ பகுதியிலிருந்து ஏராளமானோர் வந்து, பார்சல் கடைகள் பலவற்றை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். பன்றி இறைச்சி பொதிந்த மீன் உருண்டை, சிவப்பரிசி மது வண்டலில் சமைத்த இறைச்சி ஆகியவை அவர்கள் ஊர் உணவுகள். ஆனால் அவர்கள் கடைகளில் பெரும்பாலும் விற்பது இனிப்புக் குழம்பில் புரட்டிய ஜெனரல் சோ கோழியும் பிராக்கோலி மாட்டிறைச்சியும்தான். அந்தக் கோழியை, சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பிறந்த சமையற்காரர் பெங் சாங்-குவேய் 1950-களில் தைவானில் உருவாக்கினார். இன்றைய இனிப்பும் மொறுமொறுப்பும் நியூயார்க்கில் சேர்ந்தவை. அதைப் போலி என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஹூனான் மக்களின் அன்றாட உணவு என்று நினைத்து அதை உண்ணக் கூடாது.

சில வேளைகளில் சமையற்காரர் விரும்பினாலும் அசல் சுவையைத் தர முடியாமல் போனதுண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையலில் பயன்படும், நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரவும் என்ற அச்சத்தால் 1968 முதல் 2005 வரை அதன் இறக்குமதிக்கு அமெரிக்காவில் தடை இருந்தது. கெடுபிடி எப்போதும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும், அந்த மிளகு இல்லாத மாப்போ டோஃபுவில் (சிச்சுவானின் காரமான சோயா பனீர்க் குழம்பில்) காரம் இருக்கும், அந்த மரமரப்பு இருக்காது.

1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு, நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலும் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த சான் கேப்ரியல் பள்ளத்தாக்கிலும் சீனர்கள் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். அங்குள்ள பல கடைகளுக்குச் சீனர்களே முதன்மை வாடிக்கையாளர்கள் என்பதால், சிச்சுவானின் காரத்தையோ வடமேற்குச் சீன நகரமான ஷியானின் நூடுல்ஸின் வினிகர்ப் புளிப்பையோ குறைக்க வேண்டிய தேவை இல்லை. மற்ற இடங்களில், சீன மொழியில் தனி உணவுப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு சமையற்காரரின் ஊர் எது என்று விசாரித்து, அவ்வூர் உணவு ஏதேனும் இருந்தால் அதையே தரச் சொல்லுங்கள்.