மூன்றேகால் மணி

நண்பர்களே, கத்தோலிக்கத் துறவிகளில் கடுமையான ஒழுங்குள்ள ஒரு சபையினர் டிராப்பிஸ்டுகள். டிராப்பிஸ்ட் மடம் என்றதும் எல்லாரும் கேட்பது, "அங்கே யாரும் பேசவே மாட்டார்களாமே?" என்றுதான். பேசுவார்கள். மௌனம் அவர்களுடைய வார்த்தைப்பாடுகளில் இல்லை. கொடுக்கிற வாக்கு மூன்று: சாகும்வரை அதே மடத்தில் இருப்பது, துறவு நெறிக்கேற்ப வாழ்வைத் திருத்திக்கொண்டே வருவது, கீழ்ப்படிவது. வீண்பேச்சைத் தவிர்ப்பது பழக்கம், அவ்வளவே. அங்கே எல்லாரையும் ஆள்வது மணியோசைதான்.

அமெரிக்காவின் கென்டக்கியில், பார்ட்ஸ்டவுன் அருகே இருக்கிற கெத்சமனி மடத்தை எடுத்துக்கொள்வோம். 1848இல் பிரான்சின் மெல்லரே மடத்திலிருந்து 44 துறவிகள் வந்து தொடங்கியது. எழுத்தாளர் தாமஸ் மெர்ட்டன் 1941 முதல் 1968இல் இறக்கும்வரை இந்த மடத்தவர்.

அதிகாலை 3.15க்கு முதல் செபம், இரவு 7.30க்குக் கடைசிச் செபம், நாளுக்கு ஏழு. பைபிளின் 150 திருப்பாடல்களும் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். துறவிகள் எதிரெதிராக இரண்டு அணியாக நின்று மாறி மாறிப் பாடுவார்கள். ஒவ்வோர் அடியின் நடுவிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். மடத்தில் தங்கி உடன் பாடும் விருந்தினர் சறுக்குவது இங்கேதான்: பொறுக்காமல் மறுபாதிக்குத் தாவிவிடுவார்கள். பக்கத்துக் குரல் காதில் விழவில்லையா? நீங்கள் உரக்கப் பாடுகிறீர்கள். திருப்பாடலின் முடிவில் "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்ற புகழுரை வரும்போது அவர்களோடு குனியுங்கள்.

முதல் நாளே ஏழு செபத்துக்கும் போகிறேன் என்று கிளம்பி, மத்தியானத்தில் சுருண்டு படுப்பவர் உண்டு. விடியுமுன் எழுவது சிரமமில்லை. எட்டு மணிக்குத் தூங்கத் தெரிய வேண்டும்.

வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது இவர்கள் பின்பற்றும் துறவற விதிநூலான பெனடிக்ட் ஒழுங்கின் 53ஆம் அதிகாரம். அதனால் தங்குவதற்குக் கட்டணம் வைக்கவில்லை. இயன்ற காணிக்கை போதும். அவர்கள் பிழைப்பு கைவேலையில்: சீஸ், பழக்கேக், பூர்பன் மதுவைக் கலந்த ஃபட்ஜ் மிட்டாய். பெல்ஜியத்து மடங்கள் சில பியர் காய்ச்சுவதும் இதே கணக்கில்தான்.

கடைசிச் செபத்துக்குப் புத்தகம் வேண்டாம். தினமும் அதே பாடல்கள், இருட்டில் மனப்பாடமாக வரும். முடிவில் மாதாவுக்கு ஒரு லத்தீன் பாட்டு. நம் கோவில்களில் 'கிருபை தயாபத்து' என்று சொல்கிறோமே, அதே செபம். பிறகு மடத்துத் தலைவர் ஒவ்வொருவர் மீதும் தீர்த்தம் தெளிப்பார். அத்தோடு மறுநாள் காலைவரை பெருமௌனம். எதையாவது கேட்க வேண்டுமென்றால் 7.30க்கு முன்பே கேட்டுவிடுங்கள்.