சொட்ட வேண்டிய கிளாண்டு

நேயர்களுக்கு வணக்கம். விசைப்படகின் எஞ்சின் அறையில் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் புதிதல்ல. அதில் ஒரு பங்கு, புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில், தண்ணீர் புகாமல் தடுக்க வைத்த கிளாண்டின் வழியாக வருவது. அதற்குள், கொழுப்போ டெஃப்லானோ ஊட்டிய சதுரக் கயிறு சில வளையங்களாக அமர்ந்திருக்கும். நட்டை முறுக்க முறுக்க, அந்தப் பேக்கிங் நசுங்கி ஷாஃப்டை இறுகப் பற்றும்.

ஷாஃப்ட் ஓடும்போது இந்தக் கிளாண்டு சொட்டத்தான் வேண்டும். நிமிடத்திற்குச் சில சொட்டுகள் விழுவது நல்லது. உராய்வில் எழும் சூட்டைத் தணிப்பதும் பேக்கிங்கை வழுக்க வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். எஞ்சின் நின்றபின் சொட்டு நின்றுவிட வேண்டும், அல்லது ஏறக்குறைய நின்றுவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவருக்குப் படகின் அடியில் ஈரம் தென்படவே கூடாது. ஒரு சொட்டைக் கண்டாலும் ஸ்பேனரை எடுத்து, ஒழுகும் குழாயைத் திருகி மூடுவதுபோல நட்டை இன்னும் கால் சுற்று இறுக்குவார். சிறிது காலம் காய்ந்தே கிடந்தது, பிறகு முன்னிலும் அதிகமாகக் கசிந்தது, மறுபடியும் இறுக்கினார். நட்டு இனி நகராது என்ற நிலையில் படகைக் கரையேற்றி, பேக்கிங்கை வெளியே இழுத்தபோது அது கருகிக் கட்டையாக வந்தது. அவ்விடத்தில் ஷாஃப்டின் மேல் நகத்தை வைத்து இழுத்தால், தேய்ந்த பள்ளத்தில் நகம் தட்டி நின்றது. அந்தப் பள்ளத்தின் மேல் எவ்வளவு நல்ல பேக்கிங்கைச் சுற்றினாலும் தண்ணீர் நிற்காது, ஷாஃப்டையே மாற்றினார். சொட்டுக்குப் பயந்து இறுக்குவதால் வரும் செலவு இது. இதை எங்கே பேசினாலும் சொல்லிவிடுகிறேன், பொறுத்தருள்க.

சொட்டின் கணக்கையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு ஒரு நாளில் நான்கு லிட்டரைச் சற்றே தாண்டும். ஓடும் படகில் அடித்தண்ணீரை இறைக்கும் பம்ப்புக்கு அது பொருட்டே அல்ல. ஆனால், பேட்டரி இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் ஆளின்றிக் கட்டிக் கிடக்கும் படகுக்கு அதுவே ஆபத்து.

பேக்கிங்கை மாற்றும்போது பழைய வளையங்கள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். ஆழத்தில் கிடக்கும் கடைசி வளையத்தை விட்டுவிட்டு மேலே புதியதைத் திணிப்பவர்களே அதிகம். வளையங்களின் வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். அப்படிச் செய்தும் புதிய பேக்கிங் விரைவில் கசிந்தால், குற்றம் பேக்கிங்கின் மேல் இல்லை. வெளியே ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறதா, எஞ்சினும் ஷாஃப்டும் நேராக இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த இணைப்பு நேராக உள்ளதா என்பதைப் படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கரையேறிய படகின் உடல் சற்றே வளைந்து வேறு கணக்கைக் காட்டும். சொட்டாத புதுவகை சீல்களும் உள்ளன. அவற்றில் சிலவற்றில், படகை இறக்கியவுடன் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் சீல் தண்ணீரின்றிக் காய்ந்து தேயும்.

நேரம் முடியப்போகிறது; சுக்கானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சுக்கான் தண்டு மெதுவாக, பாதிச் சுற்றுகூடத் திரும்பாத ஒன்று. அங்கே சூடு எழுவதில்லை. ஆகவே, அந்தத் தண்டு படகைத் துளைக்கும் இடத்தில் உள்ள கிளாண்டு சொட்டக் கூடாது; சுக்கான் கனக்காத அளவுக்கு இறுக்கலாம். பல படகுகளில் அது நீர்மட்டத்திற்குச் சற்று மேலே இருப்பதால், கட்டிப் போட்டிருக்கும்போது காய்ந்தே தெரியும். வேகமெடுத்துப் பின்புறம் தாழும்போதுதான் தண்ணீர் உள்ளே வரும். எனவே, ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் டார்ச்சும் காய்ந்த துணியுமாகப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டத்திலேயே பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.