வரைபடத்துக்கு முன்பே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்

அவையோருக்கு வணக்கம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடி உட்கார பொது இடத்தில் ஒரு நிழற்கூடம் கட்டுகிறோம் என்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான். வரைபடம் முடிந்து, ஒப்பந்தமும் கொடுத்தாகிவிடும். அப்புறம் நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "என்ன நிறம் அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். பிள்ளைகளைப் பெயருக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளும் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. நிறம் மட்டும் கேட்பது அந்த மூன்றுக்குள்தான் அடங்கும் என்பது என் கருத்து.

முதலில் கேட்க வேண்டியது இடத்தைப் பற்றி. தொந்தரவு வேண்டாம் என்று பெரியவர்கள் ஒதுக்குப்புறமாக ஒரு மூலையைக் காட்டுவார்கள். இருட்டிய பிறகு அங்கே போகப் பிள்ளைகளுக்கே பயமாக இருக்கும். ஆள் நடமாட்டம் கண்ணில் படவேண்டும், அதே சமயம் யார் வீட்டு ஜன்னலுக்கும் நேரே இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடத்தை அவர்களோடு நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், அதுவும் மாலையில்.

அடுத்தது இருக்கை. சாலையைப் பார்த்த நீள பெஞ்சு பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சரி. ஆறு நண்பர்கள் பேச, எதிரெதிரே உட்கார வேண்டும். சாய்மானத்தின் மேல் ஏறி உட்கார்வார்கள் என்பதும் தெரிந்ததே. அதைத் தடுக்கக் கம்பி வைக்காதீர்கள், அந்தப் பாரம் தாங்குகிற மாதிரி கட்டுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒன்பது வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோவதை 1990-களில் வியன்னா நகரம் ஆய்ந்து கண்டது. 1999-ல் அங்கே இரண்டு பூங்காக்களில் பாதைகளைக் கூட்டினார்கள், ஒரே பெரிய திடலாக இருந்ததைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பந்து விளையாட்டு வகைகளையும் அதிகமாக்கினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நிழற்கூடத்துக்கும் இது பொருந்தும். ஒரே வாசல் இருந்தால் அதை ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும்.

செலவுக் கணக்கையும் அவர்கள் முன் வையுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னால் புரிந்துகொள்வார்கள். 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, கருத்துச் சொல்லும் உரிமையோடு அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பும் தரச் சொல்கிறது.

கடைசியாகக் காலம். இன்று யோசனை சொல்லும் பதினைந்து வயதுப் பிள்ளை, மூன்று வருடம் கழித்துக் கட்டினால் பயன்படுத்தப் போவதில்லை. அதனால் கம்பமும் தார்ப்பாயுமாக ஒரு தற்காலிகக் கூரையை உடனே போட்டு, எங்கே உட்காருகிறார்கள், எதை நகர்த்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு, கான்கிரீட் வேலையை அவர்களோடு பேசித் தொடங்குங்கள்.