மெல்லப் பாடும்போது யார் பேசுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

இசை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்புச் செய்வது என் தொழில். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவிலோ கடைசி வரிசைக்குப் பின்னாலோ ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்ஸர் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். அந்த இடத்தில் பாட்டும் கேட்கும், கூட்டமும் கேட்கும். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது தெரிவது போலவே, எந்த வரிசையில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் காதில் விழும். நிகழ்ச்சி நடக்கும்போது பேசுகிறவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு மனத்தாங்கல் உள்ள விஷயம் இது. அதனால் ஒளிவுமறைவில்லாமலே பேசுகிறேன்.

கலைஞரை மதிக்காத செயல் என்றுதான் இதைப் பொதுவாகக் கண்டிக்கிறோம். அது சரிதான். ஆனால் என் கவலை அதோடு நிற்கவில்லை. பேச்சு எல்லா இசையையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. தாளவாத்தியங்கள் முழங்கும் இடத்தில் இரண்டு பேர் பேசினால் குடி முழுகிப்போய்விடாது. அடிபடுவது மெல்லிய இடங்கள்தான். குரல் தணிந்து கிட்டத்தட்ட மூச்சாகிவிடும் இடம், வில் நரம்பைத் தொட்டும் தொடாமலும் போகும் இடம், ஒரு சுரம் தேய்ந்து முடிந்த பிறகு அடுத்தது வருவதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளி. நல்ல கலைஞர் பல வருடம் பயின்று சேர்த்துக்கொள்ளும் நயமெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசும் குரலின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). வயலினில் மெல்ல இழைத்து முடிக்கும் ஒரு சுரம் பின்வரிசைக்கு வந்து சேரும்போது 40 டெசிபலைக்கூட எட்டாமல் போகலாம். பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். அப்படியென்றால் பக்கத்து இருக்கைப் பேச்சு, மேடையிலிருந்து வரும் அந்தச் சுரத்தைப் போல நான்கு மடங்கு. அதன் முன்னால் சுரம் என்ன செய்யும்?

‘நாங்கள் கிசுகிசுவென்றுதானே பேசினோம்’ என்பார்கள். கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதில்லை. காற்றின் சீறல் மட்டும்தான். அந்தச் சீறல் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் தனியாகத் தெறித்துக் கிளம்பும். தாழ்ந்த சுரத்தில் மெல்ல நகரும் இசைக்கு அவற்றை மூடும் வலு இல்லை. போதாக்குறைக்கு நம் காது பேச்சுக்குப் பழகிய காது. இருமலை மறந்துவிடலாம், மின்விசிறியின் இரைச்சலையும் மறந்துவிடலாம். புரிகிற மொழியில் ஒரு சொல் வந்து விழுந்துவிட்டால், வேண்டாம் என்றாலும் மனம் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும்.

இதன் அடுத்த கட்டம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது, ஏனென்றால் அதில் என் கையும் சம்பந்தப்படுகிறது. கூட்டம் பேசத் தொடங்கியதும் ‘பாட்டு கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டு’ என்று யாராவது என்னிடம் வருவார்கள். நான் கூட்டினால் என்ன ஆகும்? 1911-இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைச் சொன்னார்: சுற்றிலும் சத்தம் ஏறினால், மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்திப் பேசுவார். இன்றும் அவர் பெயராலேயே அது லோம்பார்ட் விளைவு என்று அழைக்கப்படுகிறது. அதாவது, நான் ஸ்பீக்கரை ஏற்றினால் பேசுகிறவர்களும் ஏறுவார்கள். அவர்கள் ஏறினால் நான் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் மைக் ஊளையிடும். அதற்குள் மேடையில் இருப்பவருக்கும் நிலைமை புரிந்துவிடும். மெல்லப் பாட வேண்டிய வரியையும் ஓங்கிப் பாடுவார். அடுத்த நிகழ்ச்சிக்குப் பட்டியல் போடும்போது அந்த மெல்லிய பாட்டையே விட்டுவிடுவார். பேசியவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. கேட்க வந்தவர்களுக்கும் தெரியாது. இல்லாமல் போனதை யார் கேட்க முடியும்?

அந்தக் காலத்தில் எல்லோரும் பேசிக்கொண்டுதானே கேட்டார்கள் என்று வரலாறு தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓபரா என்ற இசை நாடகம் நடக்கும்போதே தனி மாடங்களில் சீட்டாடினார்கள், சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கப் போனார்கள். 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னர் தம் அரங்கைத் திறந்து பார்வையாளர் பகுதியை இருட்டாக்கியதெல்லாம் பிற்காலத்துச் செய்தி. ஆனால் இசையமைப்பாளர் மொஸார்ட் 1778 ஜூலையில் பாரிஸிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். முழு வாத்தியக்குழுவுக்காக அவர் எழுதிய புதிய சிம்பொனியின் கடைசிப் பகுதியை எல்லா வாத்தியங்களும் சேர்ந்து தொடங்கவில்லை. வயலின்கள் மட்டும் எட்டுத் தாள அளவைகளுக்கு மெல்ல வாசித்தன. அதன்பின் சட்டென்று முழு வாத்தியக்குழுவும் இறங்கியது. மெல்லிய இடம் வந்ததும், அவர் எதிர்பார்த்தபடியே, கூட்டத்தினர் ‘உஷ்’ என்று ஒருவரையொருவர் அடக்கினார்கள். முழக்கம் வந்ததும் கைதட்டினார்கள். பகுதியின் நடுவிலேயே கைதட்டியவர்கள்தான் அவர்கள். மெல்லிய இடத்துக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கைதட்டலையும் ‘ஆஹா’ என்று வாய்விட்டுச் சொல்வதையும் நான் பேச்சோடு சேர்க்கமாட்டேன். அவை பாட்டுக்குப் பதில். பாட்டுக்கும் தமக்கும் சம்பந்தமே இல்லாதது போல ஓடும் பேச்சைத்தான் சொல்கிறேன்.

பொறுப்பு கேட்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, இடத்தை நடத்துபவர்களுக்கும் உண்டு. 1939-இல் நியூயார்க்கில் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில், கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துத் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய ஒரு பாட்டை அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடினார். அந்தப் பாட்டுக்கு முன் பரிமாறுவது நிறுத்தப்படும். விளக்குகள் அணைக்கப்பட்டு, அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும். குடித்துப் பேசிச் சிரிக்க வந்த கூட்டம்தான் அது. அவர்களை அடக்க யாரும் சத்தம் போடவில்லை. விற்பனையை நிறுத்த அந்த விடுதிக்கு மனம் இருந்தது, அவ்வளவுதான். பாட்டு நடக்கும்போது தட்டும் கோப்பையுமாக ஆட்களை நடக்கவிட்டுவிட்டு ரசிகர்களைக் குறை சொல்லும் அமைப்பாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பக்கத்தில் பேசுகிறவரிடம் என்ன சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். முறைக்க வேண்டாம், பின்னாலிருந்து அதட்டவும் வேண்டாம். ‘இந்தப் பாட்டைக் கேட்க வந்தேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறீர்களா’ என்று தணிந்த குரலில் கேட்டால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். தங்கள் குரல் அவ்வளவு தூரம் போகிறது என்பதே பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. அவசரமாகப் பேச வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம்.

என் பங்குக்கு நான் செய்வது இதுதான். கூட்டம் பேசத் தொடங்கினால் சத்தத்தை ஏற்றுவதில்லை; கலைஞர் சம்மதித்தால் ஒரு படி இறக்கிவிடுகிறேன். முன்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள், பேச்சு தானாகக் குறையும். எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். பலிக்காத நாட்களில் அமைப்பாளரைக் கூப்பிட்டு, அடுத்த பாட்டுக்கு முன் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.