கையும் காலிபரும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பயிற்றுநரான என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பெரிய காலிபர் எப்போது கொடுப்பீர்கள், சார்?" காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு. பாயின்ட் 22 என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்து அதில் 22 பங்கு, ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். எண் பெரிதானால் சுடுவதும் சிறக்கும் என்று பலரும் நம்பி வருகிறார்கள். என்றாவது ஒரு நாள் கைத்துப்பாக்கியை எடுக்கும் சாதாரண மனிதரைப் பொறுத்தவரை நான் கண்டது இதற்கு நேர்மாறானது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 9 மில்லிமீட்டர் துப்பாக்கியின் வழக்கமான குண்டு சுமார் 8 கிராம் எடையுடன் விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பாயின்ட் 40 குண்டு 11.7 கிராம் எடையுடன் விநாடிக்கு சுமார் 300 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் உந்தம் முன்னதில் 2.8, பின்னதில் 3.5. குண்டு முன்னே கொண்டுபோகும் அதே உந்தம் துப்பாக்கி வழியாக நம் உள்ளங்கைக்குத் திரும்பி வருகிறது. ஆகவே பாயின்ட் 40 கால் பங்கு கூடுதலாக உதைக்கிறது. பாயின்ட் 22 துப்பாக்கியின் உதையோ 9 மில்லிமீட்டரின் உதையில் மூன்றில் ஒரு பங்குகூட இராது.

ஆனால் இந்த உதை எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டு குழலைக் கடந்து வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடி அளவே ஆகிறது. குழல்முனை மேலே எழுவதை நம் கண் காணும் முன்பே குண்டு போய்விட்டது. அப்படியானால் அந்த உதை அந்தக் குண்டின் பாதையைப் பெரிதாகக் கெடுக்க வழியில்லை. இருந்தும், பெரிய காலிபரைக் கையில் எடுத்த புதியவரின் குண்டுகள் இலக்கின் மையத்துக்குக் கீழேயே போய் விழுகின்றன. முந்தைய உதையை நினைவில் வைத்திருக்கும் கை, அடுத்த உதைக்கு முன்கூட்டியே தயாராகிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

நடுத்தர வயதுள்ள ஒருவர் பாயின்ட் 32 பிஸ்டலில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். குண்டுகள் எல்லாம் கீழே விழ, குறிபார்க்க உதவும் காட்சிமுனை கோணலாக இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார். அவர் பார்க்காத நேரத்தில், வெடிமருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றை மற்றவற்றோடு கலந்து மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டில், வைத்துக் கொடுத்தேன். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. அந்த நொடியில் குழல்முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றது. வெடிக்காத துப்பாக்கியையே அவர் கை அழுத்திப் பிடித்துத் தள்ளியிருந்தது. சற்று நேரம் தம் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானா இதைச் செய்தேன்?" என்று கேட்டார். குழல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் போதும், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு 17 சென்டிமீட்டர் விலகிவிடும்.

இந்த உண்மையை ஒரு பெரிய அமைப்பு கற்றுக்கொள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் முகவர்கள் இருவரை இழந்தது. மேலும் ஐவர் காயமடைந்தனர். குற்றவாளிகளில் ஒருவர் உடலில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்பதால், பழி காலிபர் மீது விழுந்தது. அடுத்து 10 மில்லிமீட்டர் வந்தது. அதன் முழு வலிமையைப் பலராலும் கையாள முடியாததால் வெடிமருந்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த வலிமைக்கு அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்ற எண்ணத்தில் 1990இல் பாயின்ட் 40 பிறந்தது, 1997இல் எஃப்.பி.ஐ.யும் அதை ஏற்றது. 2014இல் அதன் பயிற்சிப் பிரிவே 9 மில்லிமீட்டருக்குத் திரும்பலாம் என்று எழுத்தில் காரணம் காட்டியது. குண்டுகளின் தயாரிப்பு மேம்பட்டுவிட்டதால் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றும், ஒரே அளவுள்ள துப்பாக்கிகளில் பெரும்பாலானோர் பாயின்ட் 40ஐவிட 9 மில்லிமீட்டரில் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்றும் அது கூறியது. மோதல்களில் காவலர்கள் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு 70 முதல் 80 வரை குறி தவறுகின்றன என்ற வரியும் அதில் இருக்கிறது. தவறிப்போகும் குண்டு எவ்வளவு பருமனாக இருந்து என்ன பயன்? தவிர, சிறிய தோட்டா என்பதால் எண்ணிக்கையும் கூடுகிறது: கிளாக் 17 என்ற 9 மில்லிமீட்டர் துப்பாக்கியின் மேகசினில் 17 தோட்டாக்கள், அதே உருவத்தில் பாயின்ட் 40க்காகச் செய்யப்பட்ட கிளாக் 22இல் 15.

தேர்ந்த வீரர்களும் இதற்கு விலக்கல்லர். சில விநாடிகளுக்குள் அடுத்தடுத்துச் சுட வேண்டிய ஒலிம்பிக் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் 2004 வரை, மிக மெல்ல உதைக்கும் பாயின்ட் 22 ஷார்ட் தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்து உலக சாதனை 600க்கு 597. 2005 முதல், அதே பாயின்ட் 22 காலிபரில் சற்று வலுவான, லாங் ரைஃபிள் எனப்படும் தோட்டா கட்டாயமாயிற்று. நம் விஜய் குமார் வெள்ளி வென்ற 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் ரஷ்யாவின் அலெக்ஸி கிலிமோவ் படைத்த புதிய உலக சாதனை 592. ட்ரிகர் எனப்படும் விசை பற்றிய விதிகளும் உடன் மாறியதால் முழுக் காரணத்தையும் தோட்டாவின் மீது சுமத்த மாட்டேன். என்றாலும் அதன் பங்கு சிறிதன்று.

காலிபர் ஒன்றே எல்லாம் என்றும் கொள்ளக்கூடாது. ஒரே தோட்டா, கனத்த துப்பாக்கியில் சாதுவாகவும் இலேசான சிறு துப்பாக்கியில் முரட்டுத்தனமாகவும் நடந்துகொள்ளும்; பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் சிறிய காலிபரும் துள்ளும்.

காட்சிமுனையைக் குறை சொன்ன அந்த நடுத்தர வயதுக்காரரிடம் பாயின்ட் 22 பிஸ்டலைக் கொடுத்தேன். முகம் சற்று வாடினாலும் வாங்கிக்கொண்டார். ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு நாட்கள், இடையிடையே டம்மி தோட்டா. ஏழாவது வாரம் பாயின்ட் 32ஐ மறுபடி எடுத்தபோது, நான்காவது தோட்டாவாக டம்மியை வைத்திருந்தேன். 'டக்' என்றது. குழல்முனை இருந்த இடத்திலேயே இருந்தது.

வணக்கம்.